கொடி ஒரு நாடு, ஆள் நம் ஊர்: சங்கச் செயலாளரின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, குடும்பத்தினரே, அனைவருக்கும் வணக்கம்.

தூத்துக்குடியில் ஓய்வுபெற்ற கப்பல் பணியாளர்களும், இன்றும் பிள்ளைகளைக் கப்பலுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் குடும்பத்தினரும் சேர்ந்து நடத்தும் நமது சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கை இது. உறுப்பினர்கள் 71 பேர். மறைந்த மூவருக்கு இக்கூட்டம் அஞ்சலி செலுத்துகிறது. மாதக் கூட்டங்களில் பதினொன்று நடந்தன. டிசம்பர் கூட்டத்தை மழை நிறுத்திவிட்டது. தேநீர்ச் செலவு பற்றிய புகாருக்குப் பொருளாளர் தம் அறிக்கையில் பதில் சொல்வார்.

சென்ற பொதுக்குழுவில், மாதக் கூட்டங்களில் பழைய கப்பல் கதைகளையே பேசாமல் கடல் சட்டத்தையும் உலக நடப்பையும் படிப்பது என்று தீர்மானித்தோம். அதை எதிர்த்துக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். வல்லரசுகள் மதிக்காத சட்டத்தை நாம் படித்து என்ன ஆகப்போகிறது என்பது என் வாதம். தீர்மானம் நிறைவேறி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 13ஆம் தேதி ஹோர்முஸ் நீரிணை அருகே ஈரானின் புரட்சிக் காவல் படையினர் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கி ‘எம்.எஸ்.சி. ஏரிஸ்’ என்ற கொள்கலன் கப்பலைப் பிடித்தார்கள். அதிலிருந்த 25 பேரில் 17 பேர் இந்தியர்கள். அன்று இரவே நம் உறுப்பினர் வீடுகளில் தொலைபேசி ஓயவில்லை. நம் ஊர்ப் பையன் யாரும் அதில் இல்லை என்று தெரியும்வரை எனக்கும் தூக்கம் இல்லை.

அந்த மாதக் கூட்டத்துக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம். கப்பலில் பறந்தது போர்ச்சுகல் கொடி, அதாவது கப்பல் பதிவானது அந்த நாட்டில். உடைமையில் இஸ்ரேலியத் தொழிலதிபர் ஒருவருக்குத் தொடர்பு. இயக்கியது சுவிட்சர்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம். வந்துகொண்டிருந்தது மும்பையை அடுத்த நவசேவாவுக்கு. கப்பல் கடல் விதிகளை மீறியது என்றது ஈரான். டமாஸ்கஸில் ஈரானியத் தூதரக வளாகத்தின் மீது ஏப்ரல் 1ஆம் தேதி இஸ்ரேல் வீசியதாகச் சொல்லப்படும் குண்டு விழுந்ததற்கும் இதற்கும் உள்ள தொடர்பைச் சொல்ல நமக்குப் பேராசிரியர் தேவைப்படவில்லை. “மாடு மேய்ந்தது யார் வயலில், கட்டிப்போட்டது யாருடைய மாட்டை?” என்று, கப்பலில் மாலுமிகளுக்கு மேஸ்திரியாக, செராங்காக இருந்த நம் அண்ணாச்சி ஒருவர் கேட்டது கூட்டக் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது.

ஹோர்முஸ் வழியே தடையின்றிக் கடந்து செல்லும் உரிமை 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் தெளிவாக இருக்கிறது. ஈரான் அதில் கையெழுத்திட்டது, பின்னர் உறுதிப்படுத்தவில்லை. ஆகவே அந்த உரிமை உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு மட்டுமே என்பது அதன் வாதம். இதைக் கண்டிக்கும் அமெரிக்காவோ அந்த உடன்படிக்கையில் இன்றுவரை சேரவே இல்லை. இந்தியா 1995லேயே சேர்ந்துவிட்டது. இதை வாசித்தபோது அரங்கில் எழுந்த சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று.

பிடிபட்ட மாலுமிக்காகப் பேச வேண்டியவர் யார் என்ற கேள்விதான் ஆண்டு முழுவதும் நம்மைத் துரத்தியது. ‘சைகா’ வழக்கை இதற்காகவே இரண்டு கூட்டங்களில் படித்தோம். அது ஓர் எண்ணெய்க் கப்பல். 1997 அக்டோபரில் மேற்கு ஆப்பிரிக்காவின் கினியா அதைப் பிடித்தது. கொடி செயின்ட் வின்சென்ட் என்ற சிறு தீவு நாட்டுடையது. கப்பல் தலைவரும் மாலுமிகளும் உக்ரைனியர்கள். வண்ணம் பூச ஏறியிருந்த மூவர் செனகல் நாட்டவர். ஆட்கள் உங்கள் குடிகளே இல்லை, அவர்களுக்காக வழக்காட நீங்கள் யார் என்று கினியா கேட்டது. ஹாம்பர்க்கில் உள்ள கடல் சட்டத் தீர்ப்பாயம் 1999இல் அதை ஏற்கவில்லை. கப்பலும் சரக்கும் ஆட்களும் ஒரே அலகு. எல்லோருக்காகவும் கொடி நாடு பேசலாம் என்றது. கேட்கும்போது நெஞ்சு நிறைகிறது. ஆனால் நம் பிள்ளைகள் ஏறும் கப்பல்களின் கொடி பெரும்பாலும் பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள். கட்டணம் வாங்கிக்கொண்டு கொடியை வாடகைக்கு விடும் நாடுகள் எத்தனை தூரம் நமக்காக வழக்காடும் என்று கேட்டதற்குக் கூட்டத்தில் பதில் இல்லை.

ஏரிஸ் விஷயத்தில் நம் வெளியுறவு அமைச்சர் மறுநாளே ஈரான் வெளியுறவு அமைச்சரிடம் பேசினார். கேரளத்தைச் சேர்ந்த பயிற்சிப் பெண் ஒருவர் ஏப்ரல் 18ஆம் தேதி வீடு திரும்பினார். மே 9ஆம் தேதி மேலும் ஐவர் விடுவிக்கப்பட்டார்கள். நான்கு நாள் கழித்து, மே 13ஆம் தேதி, ஈரானின் சாபஹார் துறைமுக முனையத்தைப் பத்தாண்டுகள் நடத்தும் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திட்டது. இரண்டையும் முடிச்சுப் போட நம்மிடம் ஆதாரம் கிடையாது, போடவும் இல்லை. ஈரானோடு பேசும் உறவை விடாமல் வைத்திருந்த நாட்டின் மாலுமிக்கு அது கைகொடுத்தது என்று மட்டும் குறித்துக்கொண்டோம்.

அந்த உறவு இல்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு ‘கேலக்ஸி லீடர்’ என்ற கப்பல் இருக்கிறது. 2023 நவம்பர் 19ஆம் தேதி, குஜராத்தின் பிபாவாவ் துறைமுகத்துக்கு வரும் வழியில், செங்கடலில் ஏமனின் ஹூதி ஆயுதக் குழுவினர் காஸா போரைக் காரணம் காட்டி அதைக் கைப்பற்றினார்கள். கொடி பஹாமாஸ், ஆட்கள் பிலிப்பைன்ஸ், மெக்சிகோ, பல்கேரியா, ருமேனியா, உக்ரைன் நாட்டவர். 2024 ஜனவரியில் ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில் 2722ஆம் தீர்மானத்தின் மூலம் உடனே விடுவிக்கச் சொன்னது. ஆதரவு 11; ரஷ்யா, சீனா, அல்ஜீரியா, மொசாம்பிக் ஆகிய நான்கும் வாக்களிக்கவில்லை. எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை. அப்படியும் அந்த 25 பேரும் வெளியே வந்தது 2025 ஜனவரி 22ஆம் தேதி, காஸாவில் போர்நிறுத்தம் தொடங்கி மூன்று நாள் கழித்து. காஸாவுக்கும் அந்தக் கப்பலின் சமையல்காரருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு தாயார் கேட்டார். நான் பதில் சொல்ல முயன்று பாதியில் நிறுத்திவிட்டேன்.

செப்டம்பர் 5, வ.உ.சி. பிறந்தநாள். அவர் 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியை மாலையிட்டு நினைவுகூர்ந்தோம். அன்றைய உரையை நம் ஊர்த் துறைமுகம் கண்ட வழக்குக்கே ஒதுக்கினோம். 2013 அக்டோபரில் ‘சீமேன் கார்டு ஓஹியோ’ என்ற கப்பலைக் கடலோரக் காவல் படை இங்கே கொண்டுவந்தது நினைவிருக்கும். கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் ஆயுதக் காவலர்களை ஏற்றிய, அமெரிக்க நிறுவனத்தின் கப்பல். கொடி சியரா லியோன். எரிபொருளுக்கும் புயலுக்கும் ஒதுங்கினோம் என்றார்கள் அவர்கள். 12 கடல் மைல் எல்லைக்குள் உரிமம் இல்லாமல் ஆயுதம் என்றது அரசுத் தரப்பு. 2016 ஜனவரியில் நம் ஊர் நீதிமன்றத்தில் 35 பேருக்கும் ஐந்தாண்டுச் சிறை. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எல்லோரையும் விடுதலை செய்தது. அவர்களில் பிரிட்டிஷார் ஆறு பேர். ‘சென்னை ஆறுவர்’ என்று பெயர் சூட்டி, அவர்களுக்காக அவர்கள் நாட்டில் பெரிய இயக்கமே நடந்தது. நம் நாட்டவர் பன்னிரண்டு பேர் அதே வழக்கில் இருந்தார்கள். அவர்களுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. நாமும் வைக்கவில்லை என்பதைச் சங்கத்தின் செயலாளராக ஒப்புக்கொள்கிறேன். அப்போதும் இதே சங்கம்தான், இதே பதவியில்தான் இருந்தேன்.

இனி, அக்டோபரில் நம் வாசலுக்கே வந்த விஷயம். உறுப்பினர் ஒருவரின் மருமகன் வேலை பார்த்த சிறு சரக்குக் கப்பலை வளைகுடாத் துறைமுகம் ஒன்றின் வெளியே நங்கூரமிட்டுவிட்டு முதலாளி தொடர்பைத் துண்டித்துவிட்டார். ஏழு மாதச் சம்பளம் பாக்கி. அரிசியும் குடிதண்ணீரும் பக்கத்துக் கப்பல்காரர்கள் கொடுத்தது. ஆளை அனுப்பிய ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. அப்போது கைகொடுத்தது நான் வேண்டாம் என்ற அதே சட்டப் படிப்பு. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தை ஜூலைக் கூட்டத்தில் வாசித்திருந்தோம். இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டாலே மாலுமி கைவிடப்பட்டவர் ஆகிறார். ஊர் திரும்பும் செலவுக்கும் நான்கு மாதச் சம்பளம் வரைக்கும் காப்பீடு இருக்க வேண்டும். அதன் சான்றிதழைக் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும்.

சாப்பாட்டு அறைச் சுவரைப் பார் என்று பையனுக்குச் செய்தி அனுப்பினோம். பழைய காலண்டருக்குப் பின்னால் அது இருந்தது. படம் எடுத்து அனுப்பினான். காப்பீட்டு நிறுவனத்துக்கும், கொடி நாட்டுக்கும், நம் கப்பல் துறை இயக்குநரகத்துக்கும், தூதரகத்துக்கும் ஒரே நாளில் கடிதம் போயிற்று. ஆங்கிலத்தில் எழுதித் தந்த துணைச் செயலாளருக்குத் தனி நன்றி. கொடி நாட்டிலிருந்து ஒரு வரிப் பதில்கூட வரவில்லை. காப்பீட்டு நிறுவனம் மட்டும் ஒன்பதாம் நாள் எழுதியது. ஜனவரி கடைசியில் பையன் நான்கு மாதச் சம்பளத்துடன் வீடு வந்து சேர்ந்தான். இதன் பிறகு என் எதிர்ப்பு ஓட்டைத் திரும்பப் பெறுவதாகக் கூட்டத்தில் அறிவித்தேன். அப்போது கைதட்டியவர்களில் சிலர் சற்று அதிகமாகவே தட்டினார்கள்.

நூலகத்துக்குக் கடல் சட்ட உடன்படிக்கையின் அச்சுப் பிரதி ஒன்று வாங்கினோம். எடுத்துப்போனவர் தயவுசெய்து திருப்பித் தரவும். கணக்கு தணிக்கை ஆகிவிட்டது. சந்தா பாக்கி வைத்தோர் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

பையனின் மீதி மூன்று மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை. கப்பலை ஏலம் விட்டால்தான் வழி என்கிறார்கள். அடுத்த கடிதத்தின் வரைவு தயாராக மேசை மேல் இருக்கிறது. அறிக்கையை ஏற்றுக்கொண்ட பிறகு எல்லோரும் அதில் கையெழுத்திட்டுவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பணியில்,
செயலாளர்