கரியோட காலேஜ் கதைய விட்டுட்டீங்களே!

ஆசிரியருக்கு வணக்கம். விளையாட்டு பக்கத்துல அமெரிக்க கூடைப்பந்து வீரர் ஸ்டீபன் கரி பத்தி போட்டது சூப்பர் சார், ஆனா காலேஜ் கதைய ரெண்டே வரில முடிச்சிட்டீங்க. அங்கதானே சார் விஷயமே இருக்கு!

அவங்க அப்பா டெல் கரி வர்ஜீனியா டெக் காலேஜ் டீம்ல பெரிய ஸ்டார், அதே காலேஜ் பையன பாத்துட்டு ரொம்ப ஒல்லியா இருக்கான்னு ஸ்காலர்ஷிப் தரல. கடைசில ரெண்டாயிரம் பேர் கூட படிக்காத டேவிட்சன்ல போய் சேந்தாரு. 2008 என்சிஏஏ போட்டில (அமெரிக்க காலேஜ் டீம்கள் மோதுற போட்டி) கொன்சாகாவுக்கு எதிரா 40 பாயிண்ட், அடுத்து ஜார்ஜ்டவுன் கூட 17 பாயிண்ட் பின்னாடி இருந்து வந்து ஜெயிச்சாங்க, அப்புறம் கேன்சஸ்கிட்ட 59-57னு தோத்தாங்க, கடைசி ஷாட்ட கரி போடல, ரெண்டு பேர் மறிச்சதால பாஸ் பண்ணிட்டாரு, அது உள்ள போகல (எனக்கு இன்னும் ஆறல).

2009 டிராஃப்ட்ல (என்பிஏங்கிற தொழில்முறை லீக் டீம்கள் புது வீரர்கள வரிசையா தேர்ந்தெடுக்கறது) மினசோட்டா டீம் 5, 6 ரெண்டு சான்ஸ் கைல வச்சிட்டு ரெண்டுலயும் கரி ஆடுற அதே கார்டு (guard) இடத்துக்கு வேற ஆளுங்கள எடுத்தாங்க! ஏழாவதா வாரியர்ஸ் டீம் கரிய தூக்கிட்டாங்க. உடனே ராஜாவாகிடல, கணுக்கால் பிரச்சனைல 2011-12 சீசன்ல 26 மேட்ச்தான் ஆடினாரு, 2015லதான் முதல் என்பிஏ கோப்பை.

இன்னொன்னு, டிகிரி முடிச்சாத்தான் டேவிட்சன்ல ஜெர்சி நம்பருக்கு மரியாதை பண்ணி ஓய்வு (வேற யாருக்கும் அந்த நம்பர் தர மாட்டாங்க) குடுப்பாங்களாம், அதனால கரிக்கே 2022 வரைக்கும் கிடைக்கல. அந்த வருஷம்தான் பாக்கி இருந்தத படிச்சு பாஸ் பண்ணாரு.

இப்படிக்கு,
உங்க வாசகன்