லென்ஸைக் கேட்காதீர்கள், முகத்தைப் பாருங்கள்: டாலஸ் தமிழ்ப் படக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

டாலஸ் வட்டாரத்தில் கேமராவும் கையுமாகத் திரியும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். மாதம் ஒருமுறை நூலக அறையில் கூடி, ஆளுக்குச் சில படங்களைத் திரையில் போட்டுப் பேசுகிறோம். பறவைப் படம் வந்தால் கண் கூர்மையாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்க்காமல் விடமாட்டோம். பால்வீதிப் படத்தில் நட்சத்திரம் கொஞ்சம் கோடாக இழுத்திருந்தால் அதற்கே கால் மணி நேரம் ஓடும். ஆனால் யாராவது சீனியர் போட்டோ ஒன்றைப் போட்டுவிட்டால் மட்டும் அறை முழுக்க அன்பு பொங்கிவிடுகிறது. "சூப்பர்." "செம." "பொண்ணு அழகா இருக்கா." அப்புறம், "என்ன லென்ஸ்?" அவ்வளவுதான், அடுத்த படம்.

எனக்கு அதில் வருத்தம் உண்டு. நம்மில் பலர் இந்தப் படங்களைக் காசு வாங்கிக்கொண்டு எடுக்கிறோம். குறை சொல்ல ஆள் இல்லாமல் காசு வாங்குவது நல்லதல்ல.

இந்த நாட்டில் இல்லாத யாராவது படித்தால் அவர்களுக்காக ஒரு விளக்கம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளைத் தனியாக அழைத்துப்போய் எடுப்பதுதான் சீனியர் போட்டோ. பள்ளி ஆண்டு மலருக்கான படத்தைப் பெரும்பாலும் பள்ளி ஒப்பந்தம் போட்ட ஸ்டுடியோவே எடுத்துவிடும்: பெண்களுக்குத் தோளைச் சுற்றி ஒரு கறுப்புத் துணி, பையன்களுக்கு டக்ஸிடோ. நம்மிடம் வருவது அதற்கு வெளியே உள்ள படங்கள். பூங்காவில், பழைய டவுன்டவுன் செங்கல் சுவரோரம், ஏப்ரல் வாக்கில் ப்ளூபானட் காட்டுப்பூ பூத்திருந்தால் அந்த நீலத்துக்கு நடுவில். நம் வீட்டுப் பிள்ளைகள் என்றால் பள்ளியின் முதலெழுத்துத் தைத்த லெட்டர்மேன் ஜாக்கெட்டோடு ஒரு செட், பாவாடை தாவணியிலோ பட்டு வேட்டியிலோ ஒரு செட். பரதம் ஆடுகிறவள் என்றால் சலங்கையும் வந்துவிடும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பாஸ்டன் பக்கம் ஜார்ஜ் வாரன் என்ற படக்காரர் கல்லூரிப் பையன்களைக் கண்ணாடி நெகடிவில் எடுத்து வேண்டிய அளவு பிரதி போட்டுக் கொடுத்தார். அவர்கள் அவற்றை வாங்கி ஆல்பமாகக் கட்டிவைத்தார்கள். ஆண்டு மலரின் முன்னோடி அதுதான். நாம் இன்று எடுப்பது மே மாதம் கிராஜுவேஷன் பார்ட்டி வாசலில் ஆளுயரப் பலகையாக நிற்கும். அப்புறம் அந்த வீட்டு ஹாலில் பல வருஷம் தொங்கும்.

சில மாதங்களுக்கு முன் நான் ஒரு படம் போட்டேன், நினைவிருக்கும். புல்வெளியில் உட்கார்ந்திருக்கும் பெண், சந்தன நிறத் தாவணி, பின்னாலிருந்து சாயும் வெயில். போடும்போதே ஒரு கேள்வியும் கேட்டேன்: தாடைக்கு அடியில் பச்சை ஏறியிருக்கிறதா, அல்லது என் மானிட்டரில்தான் அப்படித் தெரிகிறதா? வந்த பதில்கள்: பின்னணி மங்கல் அருமை. லென்ஸ் 85 மில்லிமீட்டரா, 135ஆ? தாவணி எங்கே வாங்கினது? (இந்தக் கடைசிக் கேள்வி கேட்டவர் தன் மகளுக்காகக் கேட்டார், அவர்மீது கோபமில்லை.) பச்சையைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அது ஒன்றும் ரகசியமான விஷயமில்லை. வெயில் பின்னால் இருக்கும்போது முகத்துக்கு வெளிச்சம் எதிரே உள்ள தரையிலிருந்தும் வானத்திலிருந்தும்தான் வருகிறது. தரை புல்லாக இருந்தால் தாடைக்கடியிலும் மூக்கின் கீழும் பச்சை படியும். மாநிறத் தோலில் அது காய்ச்சலில் எழுந்து வந்தவர்போல ஒரு களைப்பைக் கொடுக்கும். பெண்ணைச் சிமெண்ட் நடைபாதைக்கு மாற்றி உட்காரவைக்கலாம். ஃப்ரேமுக்கு வெளியே மடிக்கு முன்னால் ஒரு வெள்ளை பெட்ஷீட்டை விரிக்கலாம். எடுத்தாகிவிட்டது என்றால் கணினியில் அந்த நிழலை மட்டும் மாஸ்க் போட்டுப் பிரித்து, பச்சைக்கு எதிர் நிறமான மெஜந்தா பக்கம் நகர்த்தலாம். அறையில் இருந்த பாதிப் பேருக்கு இதெல்லாம் எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகவே தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை.

ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். படத்தில் இருப்பவள் நம்மில் ஒருவரின் மகள், அல்லது நண்பரின் மகள். பொங்கல் விழாவில் பார்க்கப் போகிறோம், கோவிலில் பார்க்கப் போகிறோம். படத்தைக் குறை சொன்னால் பிள்ளையைக் குறை சொன்னதாகிவிடுமோ என்ற பயம். பறவையின் அப்பா அம்மா நம் கூட்டத்துக்கு வருவதில்லையே.

அதனால் என் முதல் வேண்டுகோள்: படத்தில் உள்ள பிள்ளையின் அழகைப் பற்றி நல்லதாகவும் சொல்லவேண்டாம், கெட்டதாகவும் சொல்லவேண்டாம். "பொண்ணு அழகா இருக்கா" என்பது விமர்சனமே இல்லை. பதினேழு வயதுப் பெண்ணின் படத்தைத் திரையில் போட்டுவிட்டு அரை டஜன் மாமாக்கள் உட்கார்ந்து அப்படிச் சொல்வது, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், அவ்வளவு நன்றாகவும் இல்லை. வெளிச்சத்தைப் பேசுவோம், நிறத்தைப் பேசுவோம், கை எங்கே வெட்டுப்பட்டிருக்கிறது என்று பேசுவோம். படத்தை நம் குழுவில் காட்டப் பெற்றோர் மட்டும் சரி சொன்னால் போதாது, அந்தப் பிள்ளையிடமும் கேட்டுவிட்டுத்தான் கொண்டுவரவேண்டும்.

அடுத்து லென்ஸ். 85 மில்லிமீட்டரில் லென்ஸின் துளையை f/1.8 வரை அகலத் திறந்து வைத்து இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில், முன்னும் பின்னும் சேர்த்து ஆறு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் கூர்மை இருக்கும். முகத்தைக் கொஞ்சம் திருப்பச் சொன்னீர்கள் என்றால் கிட்டத்துக் கண் கூர்மை, தூரத்துக் கண் பஞ்சு. போனில் அது தெரியாது. 16க்கு 20 அங்குலம் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டினால் தெரியும். துளையைச் சுருக்கி f/4க்குப் போனால் அந்த ஆறு பதின்மூன்றாகிவிடும். பின்னணியில் மரம் நன்றாகத் தள்ளி இருந்தால் மங்கல் குறைந்தாலும் போதுமான அளவு மிஞ்சும். ஆகவே "பின்னணி மங்கல் அருமை" என்று சொல்லும் முன் இரண்டு கண்ணையும் ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். பறவைக்குச் செய்வதைப் பிள்ளைக்கும் செய்யலாமே.

இனி நான் உண்மையில் சண்டை போட வந்த விஷயம். நிறம்.

"கொஞ்சம் கலரா பண்ணிக் குடுத்துடுங்க தம்பி" என்று கேட்காத அம்மாவை நான் அதிகம் பார்த்ததில்லை. கேட்பவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, அவர்களுக்கு யாரோ அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நாம் செய்து கொடுக்கிறோம். லைட்ரூம் மென்பொருளில் ஆரஞ்சு நிறத்தின் லூமினன்ஸை, அதாவது பிரகாசத்தை, வலப்பக்கம் இழுத்தால் தோல் முழுக்க வெளுத்துவிடும். கூடவே பட்டின் ஜரிகையும் வெளிறும், செங்கல் சுவரும் வெளிறும். அதைத் தவிர்க்க முகத்துக்கு மட்டும் மாஸ்க் போடுவார்கள். அப்போது முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், ஜிமிக்கிக்குப் பின்னால் காது மடல் இன்னொரு நிறம். இப்படி ஒரு படம் நம் கூட்டத்திலும் வந்தது. யாருடையது என்று சொல்லப்போவதில்லை. தாவணியைப் பிடித்திருந்த விரல்கள்தான் அந்தப் பெண்ணின் உண்மையான நிறம், முகம் வேறு யாருடையதோ. நாம் சொன்னது: "கலர் நல்லா வந்திருக்கு."

இந்தத் தொழிலுக்கு இதில் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. ஃபிலிம் காலத்தில் பிரிண்ட் போடும் லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் இருப்பவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். அந்த அட்டைக்கு ஷெர்லி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவள் முகம் சரியாக வந்தால் படம் சரி. கறுப்பினப் பிள்ளைகள் பள்ளிப் படங்களில் வெறும் நிழலாகப் போய்விடுவதாகத் தாய்மார்கள் புலம்பியும் பலனில்லை. சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறங்கள் வித்தியாசம் தெரியாமல் வருகின்றன என்று முறையிட்டதும் ஃபிலிமைத் திருத்தும் வேலைக்கு ஒரு காரணமானது. பல நிறத்தவர் இருக்கும் அட்டை 1990களில்தான் வந்தது. இன்று நம் கையில் இருக்கும் கேமரா எந்தத் தோலையும் அதன் நிறத்திலேயே எடுக்க வல்லது. அதை வாங்கி நாமே ஷெர்லிப் பக்கம் இழுத்துக்கொண்டு போவது என்ன நியாயம்?

வெளுக்கவைக்கவேண்டாம் என்கிறேனே தவிர, இருட்டாக விடச் சொல்லவில்லை. வெள்ளைச் சட்டையோ ஜரிகை மினுங்கும் பட்டோ ஃப்ரேமை அடைத்துக்கொண்டால் கேமராவின் வெளிச்சம் அளக்கும் மீட்டர் ஏமாந்து முகத்தை இருட்டடித்துவிடும். அந்த முகத்துக்கு வெளிச்சம் ஏற்றவேண்டியது நம் கடமை. வெளிச்சத்தைத் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டர் பிடியுங்கள், எக்ஸ்போஷரை ஏற்றுங்கள். வெளிச்சம் கூடும், நிறம் அதே நிறமாக இருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யாராவது திரையில் சுட்டிக்காட்டிப் பேசினால் அந்த ஒரு மாலையே போதும். ரீடச்சிங்குக்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளிது: இரண்டு வாரத்தில் தானாகப் போகப்போகிற பருவை எடுத்துவிடலாம், மச்சத்தையும் தழும்பையும் அந்தப் பிள்ளையே கேட்டாலொழிய தொடக்கூடாது. இது சரியா என்றுகூட உங்களிடம் விவாதிக்க ஆசை. இதுவரை வாய்ப்பே கிடைக்கவில்லை.

சின்ன விஷயங்களும் உண்டு. மூக்குக்கண்ணாடியில் ஸாஃப்ட்பாக்ஸ் விளக்கு சதுரமாகத் தெரிகிறது என்றால், கண்ணாடியின் காதுப்பக்கத் தண்டைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்து பளபளப்பு போய்விடும். மணிக்கட்டிலும் முழங்காலிலும் ஃப்ரேமை வெட்டக்கூடாது. லெட்டர்மேன் ஜாக்கெட்டின் உடல்பகுதி கம்பளித் துணி, கைப்பகுதி பதனிட்ட தோல். அதை ஆகஸ்ட் மாத டெக்ஸாஸில் மாட்டிவிட்டுப் பையனின் நெற்றி ஏன் மின்னுகிறது என்று கேட்டுப் பயனில்லை, ஜாக்கெட் படத்தை முதலில் முடித்துவிடவேண்டும். அப்புறம் நமக்குப் பின்னால் நின்று "சிரிடா, நல்லா சிரிடா" என்று அதட்டும் அம்மா. அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே தெரியும், வாய் மட்டும் திறந்திருக்கும், கண் அசையாது. காரிலிருந்து தண்ணீர் பாட்டில் எடுத்து வரச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு அந்த இடைவெளியில் எடுத்த படங்கள்தான் எனக்குப் பெரும்பாலும் தேறியிருக்கின்றன. உங்களில் மற்றவர்கள் என்ன செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்டால் லென்ஸ் பெயர்தான் வருகிறது.

சரி, எப்படிப் பேசுவது? அமெரிக்கத் தொழில்முறைப் படக்காரர் சங்கமான பிபிஏ, போட்டிப் படங்களை மதிப்பிடப் பன்னிரண்டு அம்சங்களை வைத்திருக்கிறது: பார்த்ததும் உண்டாகும் தாக்கம், வெளிச்சம், நிறச் சமன், கதை சொல்லும் திறன் என்று போகும். நல்ல பட்டியல்தான், ஆனால் அது நடுவருக்குப் பயன்படுவது. எடுத்தவருக்கு உதவுவது நடனக்கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் உருவாக்கிய முறை என்று நினைக்கிறேன். பார்ப்பவர்கள் முதலில் தங்கள் கண்ணில் பட்டதையும் மனதில் நின்றதையும் சொல்லவேண்டும். அடுத்து, படைத்தவர் தன் சந்தேகங்களைக் கேட்பார், அதற்குத்தான் பதில். மூன்றாவதாகப் பார்ப்பவர்கள் கேள்வி கேட்கலாம், ஆனால் அந்தக் கேள்விக்குள் தீர்ப்பு ஒளிந்திருக்கக்கூடாது. "ஏன் இப்படி இருட்டா எடுத்தீங்க" என்று கேட்கக்கூடாது, "எந்த அளவு வெளிச்சம் வரணும்னு நினைச்சீங்க" என்று கேட்கலாம். கடைசியில், "நிறத்தைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, சொல்லட்டுமா" என்று அனுமதி கேட்டுவிட்டுச் சொல்வது. நடனத்துக்காகப் பிறந்த முறை, ஆனால் நம்மைப்போல முகத்தாட்சண்யம் பார்க்கிற கூட்டத்துக்கு நன்றாகப் பொருந்தும். இரண்டாவது படியை மட்டுமாவது பிடித்துக்கொள்வோம்: கேட்ட கேள்விக்கு முதலில் பதில், மற்றதெல்லாம் பிறகு.

இன்னொன்றும் செய்யலாம். கல்லூரிக்குப் போய்விட்ட பிள்ளைகள் யாராவது விடுமுறையில் வந்திருந்தால் கூட்டத்துக்கு அழைப்போம். தங்கள் சீனியர் போட்டோவில் எதை இன்னும் வைத்திருக்கிறார்கள், எதைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று சொல்லட்டும். நாம் தேர்ந்தெடுத்த படமும் அம்மா தேர்ந்தெடுத்த படமும் அவர்கள் தேர்ந்தெடுப்பதும் ஒன்றாக இருக்காது என்பது என் ஊகம். பதினேழு வயதில் அவர்கள் நம்மிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு நான் மூன்று படங்கள் கொண்டுவருகிறேன், திரையில் வேண்டாம், பிரிண்ட் போட்டே. எந்த லென்ஸ் என்று பின்பக்கமே எழுதிவிடுகிறேன், அந்தக் கேள்வி மிச்சம். நான் கேட்கப்போவதை இப்போதே சொல்லிவிடுகிறேன், யோசித்துக்கொண்டு வாருங்கள். முதல் படத்தில் முகமும் கழுத்தும் ஒரே ஆளுடையதாகத் தெரிகிறதா? இரண்டாவதில் பையன் பேன்ட் பாக்கெட்டில் விட்ட கை அவனுடைய பழக்கமா, நான் சொல்லிச் செய்ததா, பார்த்தால் எப்படித் தெரிகிறது? மூன்றாவதில் அரங்கேற்ற உடையில் இருக்கும் பெண்ணின் கண்மை, தலைச்சாமான், ஒட்டியாணம் எல்லாவற்றுக்கும் நடுவில் உங்கள் பார்வை முதலில் எங்கே போகிறது? முகத்துக்குப் போகவில்லை என்றால் எது இழுக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள், பிரிண்ட் அழுக்கானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
கடைசி வரிசையில் உட்காரும் உங்கள் நண்பன்