அம்மாவின் டிவி

மன்னார்குடி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் மனசு லேசாயிற்று. பதில் எழுத முடியாமல் போனதற்குக் காரணம் அம்மாவின் டிவி.

32 இன்ச் எல்இடி. சத்தம் வருகிறது, படம் இல்லை. பத்து நாளாக இருட்டுத் திரை முன்னால் உட்கார்ந்து சீரியலைக் காதால் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், என்னிடம் சொல்லவே இல்லை. கடையில், "பேனல் போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் திரையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தேன். அந்த வெளிச்ச வட்டத்துக்குள் செய்தி வாசிக்கிற பெண்ணின் உதடு மங்கலாக அசைந்தது. படம் காட்டும் பேனல் நன்றாகத்தான் இருக்கிறது, பின்னால் இருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்தான் அணைந்திருக்கிறது!

இன்று காலை கட்டிலில் போர்வை விரித்து அதைக் கவிழ்த்து வைத்தேன். பழைய டிவியைத் திறந்தபோது பிக்சர் டியூப் ஷாக் உன்னைத் தூக்கி எறிந்தது ஞாபகம் வந்தது. இதில் அந்த அளவு வோல்ட் இல்லை. ஆனாலும் பவர் போர்டில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பின் ஒயரை கெப்பாசிட்டரின் இரண்டு காலிலும் வைத்து, தேங்கிய மின்சாரத்தை இறக்கினேன். மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகுதான் கை வைத்தேன்.

பயமெல்லாம் பேனலைத் தூக்குவதில்தான். கண்ணாடி அப்பளம் மாதிரி. அதன் ஓரத்தில் தொங்கும் மெல்லிய ஃபிலிம் கொஞ்சம் மடங்கினாலும் திரையில் கோடு விழுந்துவிடும். மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கி மேசையில் வைத்தோம். அடியில் மூன்று வெள்ளை ஷீட்டுகள். வரிசையும் பக்கமும் மாறாமல் மூலையில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

அதற்கும் கீழே மூன்று எல்இடி பட்டைகள். ஒரு எல்இடி மேல் மூடியிருந்த லென்ஸைப் பெயர்த்தால், உள்ளே கடுகளவு கருகல். அவ்வளவுதான் கோளாறு. திருவிழா சீரியல் செட் மாதிரி எல்லாம் ஒரே வரிசை, ஒன்று போனால் மொத்தமும் இருட்டு. கருகியதை மட்டும் மாற்றலாம்தான். ஆனால் மற்ற எல்இடிகளுக்கும் அதே வயசு, அதனால் மூன்று பட்டையையும் மாற்றினேன். ஒரு எல்இடி 3 வோல்ட்டா 6 வோல்ட்டா என்று பார்த்து வாங்க வேண்டும், அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடைசியில் மெனுவில் 100-இல் இருந்த பேக்லைட்டை 60-க்குக் குறைத்தேன். சூடு குறைந்தால் நாள் கூட உழைக்கும்.

சாயங்காலம் போட்டதும் அம்மா, "இவ இப்படி இளைச்சுட்டாளே" என்று சீரியல்காரியைப் பார்த்துக் கவலைப்பட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சேகர்.

அப்புறம், உன் டிவியில் நெட்டுக்குக் கோடு விழுகிறது என்று எழுதியிருந்தாய். அது வேறு விஷயம். பெரும்பாலும் அந்த ஃபிலிம் கண்ணாடியோடு ஒட்டும் இடத்தில்தான் கோளாறு இருக்கும், அதை ஒட்ட மெஷின் வேண்டும். நீ திறக்காதே. பொங்கலுக்கு மீட்டரோடு வருகிறேன், முதலில் உள்ளே இருக்கும் ரிப்பன் கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்ப்போம். அதுவரை சுவரிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
ராஜு