மேனுவல் எழுதுறதும் எழுத்துதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் 16 வருஷமா லேப் மெஷினுங்களுக்கு யூசர் மேனுவல் எழுதுற வேலை பாக்கறேன், ராத்திரியில சிறுகதை எழுதறேன். இதைச் சொன்னதும் கேக்கறவங்க முகம் மாறிடுது. கதை எழுதுறவங்க மத்தியில "ஓ, அந்த மாதிரி எழுத்தா"ன்னு ஒரு இழுப்பு, ஆபீஸ்ல "கதை எழுதுறவங்க கையில குடுத்தா வர்ணனை பண்ணிடுவாங்க"ன்னு ஒரு பயம். உங்க பத்திரிகையிலயும் இலக்கியப் பக்கத்துல எழுதுறவங்க பேரு தொழில்நுட்பப் பக்கத்துல வந்து நான் பாத்ததில்ல. ரெண்டும் ஒரே வேலைன்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்களேன்னு ரொம்ப நாளா மனசுல கிடக்கு, அதான் எழுதறேன்.

சுஜாதா இருந்தாரேன்னு உடனே சொல்வாங்க. உண்மைதான், இன்ஜினியரா வேலை பாத்துக்கிட்டே கதையும் எழுதினாரு கம்ப்யூட்டர் பத்தியும் எழுதினாரு. ஆனா அவரைச் சொல்லி முடிச்சதும் பேச்சு நின்னுடும், ஏதோ அவருக்கு மட்டும் கிடைச்ச வரம் மாதிரி. நான் சொல்ல வர்றது வரம் பத்தி இல்ல, கைத்தொழில் பத்தி. கதையோ மேனுவலோ, படிக்கறவருக்கு இந்த நிமிஷம் என்ன தெரியும், அடுத்து என்ன தெரியணும், இதை எந்த இடத்துல வைக்கணும்னு யோசிக்கறதுதான் வேலையே. கதையில நாம ஒண்ணைத் தெரிஞ்சே மறைச்சு வெச்சு அப்புறம் குடுக்கறோம், மேனுவல்ல முன்னாடியே எடுத்து நீட்டறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை நான் கத்துக்கிட்டது ஒரு தப்புல. வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு மெஷினுக்கு எழுதினேன், மூடியைத் திறக்கவும், ட்ரேயை வெளியே எடுக்கவும், அதுக்குக் கீழ ஒரு கட்டம் போட்டு "உள்பகுதி சூடாக இருக்கும், 10 நிமிடம் ஆறவிட்ட பின் தொடவும்"னு. எல்லாத் தகவலும் இருக்கு, ஒரு எழுத்துப்பிழை கூட இல்ல. ஒரு டெக்னீஷியன் அந்தப் பக்கத்தை வெச்சுக்கிட்டு வேலை செய்யறதைப் பக்கத்துல நின்னு பாத்தேன். அவர் முதல் வரியைப் படிச்சாரு, மூடியைத் திறந்தாரு, ரெண்டாவது வரியைப் படிச்சாரு, கையை உள்ள விட்டாரு. விரல்ல சூடு பட்டு கையை உதறிக்கிட்டே மூணாவதா கட்டத்தைப் படிச்சாரு. பெரிய காயம் இல்ல, ஆனா எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. மேனுவலை யாரும் உக்காந்து முழுசா படிக்கறதில்ல, ஒரு கை மெஷின் மேல இருக்கும், கண்ணு ஒரு வரியில இருக்கும், படிச்ச வரியைக் கை உடனே செஞ்சிடும். நான் அந்தக் கையை மனசுல பாக்காம எழுதிட்டேன். கதை எழுதும்போது ஒரு பாத்திரம் கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி அவளுக்கு என்ன தெரியும்னு பத்து தடவை யோசிக்கறவ, இந்த மனுஷனுக்கு அதைச் செய்யல.

அதுல தமிழ்ல எழுதும்போது இன்னொரு சிக்கல் இருக்கு, இதை யாராவது பேசியிருந்தா சந்தோஷப்படுவேன். நம்ம மொழியில வினை கடைசியில வரும், இல்லைங்கறதும் கூடாதுங்கறதும் அதுக்கும் கடைசியில வரும். "மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டில் உள்ள நீல மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது", இந்த வாக்கியத்துல "திறக்க" வரைக்கும் படிச்சவரு கை எங்க இருக்கும்னு நெனச்சுப் பாருங்க. கதையில இதே அமைப்பு எவ்வளவு பெரிய சொத்து, "அவன் அன்னிக்கு சொன்னபடி வந்து நின்னு அவ பேரைச் சொல்லிக் கூப்பிட"ன்னு இழுத்துக்கிட்டே போய் கடைசிச் சொல்லுல "இல்ல"ன்னு முடிச்சா மனசு உடைஞ்சிடும். அதனால நான் மேனுவல்ல வாக்கியத்தை உடைச்சுப் போடுவேன், "நீல மூடியைத் திறக்காதீர்கள். மெஷின் நின்ற பிறகுதான் திறக்க வேண்டும்"னு. வாக்கியம் எங்க திரும்புதுன்னு காது கேக்கத் தெரிஞ்சாதான் இதைச் செய்ய முடியும், எனக்கு அந்தக் காது கதை எழுதித்தான் வந்துச்சு.

இது ஏதோ சின்ன விஷயம்னு தோணலாம். 2003 ஜனவரியில கொலம்பியா விண்வெளி ஓடம் கிளம்பும்போது டேங்க்ல இருந்து ஒரு நுரைத்துண்டு பேந்து இறக்கையில அடிச்சது. அது ஆபத்தான்னு ஆராய்ஞ்ச இன்ஜினியருங்க மேலதிகாரிங்களுக்கு ஸ்லைடு போட்டுக் காமிச்சாங்க. ஒரு ஸ்லைடோட தலைப்பைப் படிச்சா பயப்பட ஒண்ணும் இல்லங்கற மாதிரி இருக்கு, கீழ கடைசி வரியில, வந்து அடிச்ச துண்டு 1920 கன அங்குலம், முன்னாடி நுரையை அடிச்சுப் பாத்த சோதனையில பயன்படுத்தினது 3 கன அங்குலம்னு இருக்கு. 640 மடங்கு! அதாவது அந்தச் சோதனையை நம்பி எதுவுமே சொல்ல முடியாதுங்கற செய்தி அடியில போய் ஒளிஞ்சு கிடக்கு. பிப்ரவரி 1-ஆம் தேதி திரும்பி வரும்போது ஓடம் உடைஞ்சு 7 பேரும் இறந்துட்டாங்க. அந்த ஒரு ஸ்லைடுதான் காரணம்னு நான் சொல்லல, ஆனா இதைப் படிக்கற மேலதிகாரிக்கு உயிர் போற விஷயம்னு புரியாம போறது ஆச்சரியமில்லன்னு விசாரணைக் குழுவே அறிக்கையில எழுதிச்சு. தகவல் பொய் இல்ல, இடம் தப்பு. நல்ல கதைசொல்லி ஒருத்தர் அந்த 640 மடங்கை அடியில வெச்சிருக்க மாட்டாருங்கறது என் நம்பிக்கை.

நம்மகிட்ட இதுக்குப் பழைய பேரே இருக்கு. 13-ஆம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் நன்னூல்ல ஒரு நூலுக்கு அழகு பத்துன்னு சொல்றாரு, அதுல ஒண்ணு "முறையின் வைப்பு", எதை எங்க வைக்கணுமோ அந்த வரிசையில வைக்கறது. சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல் எல்லாம் அதே பட்டியல்லதான். அவர் நூல்னு சொல்றது கவிதையை இல்ல, ஒரு துறையைச் சொல்லிக் குடுக்கற எழுத்தை, இன்னிக்கு நாம டெக்னிக்கல் ரைட்டிங்னு சொல்றதுக்குப் பக்கத்துல வர்றது. அதுலதான் ஓசையுடைமையும் அழகுன்னு வெச்சிருக்காரு பாருங்க! பத்துக் குற்றமும் சொல்றாரு, அதுல "சென்று தேய்ந்து இறுதல்"னு ஒண்ணு, ஆரம்பத்துல வேகமா போய் போகப் போகத் தேஞ்சு முடியறது. என் பாதி சிறுகதையை இந்த ஒரு குற்றத்தை வெச்சே திருத்தியிருக்கேன், டெக்னிக்கல் எழுத்துக்குச் சொன்ன விதி கதைக்கு அப்படிப் பொருந்துது.

எல்லாம் ஒண்ணுதான்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்லல. ஒரு இடத்துல ரெண்டும் நேர் எதிரா நிக்குது, சொல்லைத் திருப்பிச் சொல்ற விஷயத்துல. ஸ்கூல் கட்டுரையில ஒரே சொல்லை மறுபடி மறுபடி போடாதேன்னு சொல்லிக் குடுத்தாங்க, அந்தப் பழக்கத்துல 4-ஆம் பக்கத்துல "மூடி", 7-ஆம் பக்கத்துல "கவர்", 9-ஆம் பக்கத்துல "மேல்தட்டு"ன்னு எழுதினா படிக்கறவரு மூணு பாகத்தைத் தேடுவாரு. விமானப் பராமரிப்பு மேனுவலுக்காக உருவான எளிய ஆங்கில விதிகள்ல ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான், செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது. கவிதையில ஒரு சொல் ரெண்டு பக்கமும் திரும்பினா கொண்டாட்டம், இங்க அது விபத்து. ஆனா ஒரு சொல் எத்தனை பக்கம் திரும்பும்னு தெரிஞ்சவங்களாலதான் அதைத் திரும்பாம பிடிச்சு வைக்கவும் முடியும்.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். தமிழ்ல இப்ப வர்ற மேனுவல்ல நான் பாத்த பலதும் இங்கிலீஷ்ல இருந்து சாஃப்ட்வேர் போட்டு மாத்தின மாதிரி இருக்கு, "பொத்தான் அழுத்தப்பட வேண்டும்"னு இருக்கும், யாரு அழுத்தணும்னு இருக்காது. இலக்கியப் பக்கத்துல புத்தக மதிப்புரை போடறீங்க இல்லையா, அங்க மாசத்துக்கு ஒண்ணு, மருந்துப் பெட்டிக்குள்ள வர்ற ஒரு குறிப்புச்சீட்டோ ஒரு ப்ரெஷர் குக்கர் மேனுவலோ ஒரு பேங்க் ஃபாரத்துக் குறிப்போ எடுத்து, கதை எழுதுறவங்க ஒருத்தர்கிட்ட குடுத்து, வரிவரியா படிச்சு மதிப்புரை எழுதச் சொல்லுங்க. எங்க தடுக்குது, எது முன்னாடி வந்திருக்கணும், எந்தச் சொல் ரெண்டு அர்த்தம் குடுக்குதுன்னு. முதல் மாசத்துக்கு என் பழைய மேனுவலையே அனுப்பறேன், அந்த சூடு கட்டம் தப்பான இடத்துல இருக்கற பதிப்பையே.

இப்படிக்கு,
மேனுவல் எழுதும் ஒரு வாசகி