யாருக்கும் சொந்தமில்லாத நிலம்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகள் பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது.

நீ அனுப்பிய நாவலின் மூன்று அத்தியாயங்களையும் வரைபடத்தையும் பார்த்தேன். எனக்கு நிரம்பப் பிடித்திருக்கிறது. அதனால்தான் நடுவில் இருக்கும் அந்த வெற்று நிலம் உறுத்துகிறது. வடக்கே ஒரு பேரரசு, தெற்கே ஒரு பேரரசு, இடையில் ஆறு பாயும் வண்டல் பூமி. அதன் மேல் 'யாருக்கும் சொந்தமில்லை' என்று எழுதிவிட்டு, காரணமாக ஒரு டிராகனைச் சொல்கிறாய். அப்படிப்பட்ட மண்ணை ஒரு டிராகனுக்குப் பயந்து முந்நூறு வருஷம் எந்த ராஜா விட்டுவைப்பான்? ஆயிரம் பேரைப் பலிகொடுத்தாவது அதைக் கொன்று தீர்த்திருப்பான்.

நிலத்தைப் பிடிப்பதைவிட வைத்துக்கொள்வதுதான் கஷ்டம். காவலுக்கு ஆள் வேண்டும், அவர்களுக்குத் தானியம் போக வேண்டும், அதற்குப் பாதை வேண்டும். வருகிற வரி இதற்கெல்லாம் கட்டுப்படியாகாத இடத்தில் யாரும் கொடி நட மாட்டார்கள். டிராகனை விட்டுவிட்டு அந்தக் கணக்கைக் கெடுக்கிற ஒன்றைத் தேடு.

ஆப்பிரிக்காவில் செட்சி ஈ என்று ஒன்று உண்டு. பார்த்தால் பயமே வராது. உட்காரும்போது இரண்டு இறக்கைகளையும் கத்தரிக்கோல் மடித்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் அது கடித்தால் ரத்தத்தில் ஒட்டுண்ணி இறங்கும். மாடும் குதிரையும் நாளுக்கு நாள் மெலிந்து செத்துப்போகும். மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் குதிரைப் படையை வைத்து ஆண்ட அரசுகளால் தெற்கே இருந்த காட்டுக்குள் அந்தப் படையோடு நிலைக்க முடியாமல் போனதற்கு இந்த ஈ ஒரு பெரிய காரணம். குதிரை இல்லை, உழவு மாடு இல்லை, வண்டி இல்லை, எல்லாம் தலைச்சுமைதான். அந்தக் காட்டிலும் மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதை மறந்துவிடாதே. அசாந்தி மாதிரி வலுவான அரசே அங்கே எழுந்தது. புல்வெளிக்காரன் கண்ணுக்குத்தான் அது ஆகாத பூமி.

உன் கதைக்கு இது எவ்வளவு தீனி என்று பார். கயல் இரண்டாம் அத்தியாயத்தில் குதிரையோடு உள்ளே போகிறாள். அந்தக் குதிரை முதலில் தீனியை மறுக்கட்டும், பிறகு கண் மங்கட்டும். ஏன் யாரும் அங்கே போவதில்லை என்று நீ ஒரு வரிகூட விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு வழியும் உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்தது. எகிப்துக்கும் சூடானுக்கும் நடுவில் பீர் தாவில் என்று சுமார் 2,060 சதுர கிலோமீட்டர் நிலம் கிடக்கிறது. இரண்டு நாடுமே அதை வேண்டாம் என்கின்றன. 1899-இல் 22-ஆம் அட்சரேகையை எல்லையாகப் போட்டார்கள். 1902-இல் பிரிட்டிஷ் அதிகாரிகள் நிர்வாகத்துக்காக வேறொரு கோடு போட்டார்கள். பழைய கோட்டின்படி, கடலோரத்தில் இருக்கும் பெரிய ஹலாயிப் பகுதி எகிப்துக்குப் போகும். புதிய கோட்டின்படி சூடானுக்குப் போகும். பீர் தாவில் அப்படியே எதிர்மாறாகப் போகும். அதனால் யார் பீர் தாவிலைக் கேட்டாலும் ஹலாயிப் தனக்கில்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். உன் இரண்டு பேரரசுகளுக்கும் இடையில் இப்படி ஒரு பழைய ஓலையை வைத்துப் பாரேன்! அந்த நிலத்தைத் தனதென்று சொல்கிற ராஜா தன் துறைமுகத்தை இழப்பான் என்றால், எவ்வளவு செழிப்பான மண்ணானாலும் வாயைத் திறக்க மாட்டான்.

பேசிவைத்துக்கொண்டே விட்டுவிடுவதும் நடந்திருக்கிறது. 1922-இல் ஈராக்கும், பின்னாளில் சவூதி அரேபியாவில் சேர்ந்த நஜ்தும், நடுவில் ஒரு பொது வட்டாரத்தை ஒதுக்கின. இரண்டு பக்கத்து நாடோடிகளும் மந்தையோடு அங்கே மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் வரலாம் என்று அப்போது பேச்சு. இரண்டு அரசும் நிலையான கட்டடம் எழுப்பக் கூடாது என்றும் இருந்தது.

எந்தக் காரணத்தை எடுத்தாலும் சரி, அந்த நிலத்தில் ஆளில்லை என்று மட்டும் எழுதாதே. வரிக்குத் தப்பி ஓடியவன், மந்தை ஓட்டுகிறவன், கள்ளக்கடத்தல்காரன் எல்லோரும் வந்து சேரும் இடம் அது. மூன்றாம் அத்தியாயத்தில் கயலுக்குத் தண்ணீர் கொடுக்கிற கிழவர் எங்கிருந்து வந்தார்? அந்தக் கிணற்றை வெட்டியது யார்? அவரைக் கேட்டால் அந்த நிலம் தன் பாட்டனுடையது என்றுதான் சொல்வார். அந்தப் பேச்சை எழுதி எனக்கு அனுப்பு. நாலாம் அத்தியாயம் அதற்கப்புறம் வரட்டும்.

அன்புடன்,
அம்மா