விதையறைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கனடாவின் வின்னிபெக் ஏரிக்கரையில் உள்ள ஓஜிப்வே பழங்குடியினர் ஊரில் நாம் ஏற்ற பணி முடிந்துவிட்டது. மான் புகாத வேலி, மழைநீர்த் தொட்டி, அவர்களின் பழைய மக்காச்சோள, பூசணி விதைகளைக் காக்கும் விதையறை மூன்றும் தயார். சாவியை ஊர் மூதாட்டிகளிடம் ஒப்படைத்தோம். தணிக்கை முடிந்த கணக்கு பொருளாளரிடம் இருக்கிறது.

"அந்தக் குளிரில் மக்காச்சோளமா?" என்று பொதுக்குழுவில் கேட்டார்கள். வின்னிபெக்குக்குச் சற்று வடக்கே லாக்போர்ட்டில் 1400களிலேயே அது விளைந்திருக்கிறது. காட்டெருமையின் தோள்பட்டை எலும்பில் செய்த மண்வெட்டிகளும் தானியக் குழிகளும் அகழ்வில் கிடைத்தன. விதை தொலைந்தது குளிரால் அல்ல. கனடாவின் பழங்குடியினர் சட்டத்தில் (Indian Act) 1881இல் வந்த திருத்தம் அவர்கள் விளைச்சலை விற்பதற்குத் தடை போட வழிசெய்தது. 1889இல் வந்த அரசுக் கொள்கை இயந்திரங்களை விலக்கி, அவர்களைக் கைக்கருவியோடு துண்டு நிலத்தில் நிறுத்தியது. பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனபின் பாட்டியிடம் விதை எடுக்கப் பழக யார் இருந்தார்கள்?

முதல் கோடையில் ஒரு பிழை, பொறுப்பு குழுவுடையது. நம்மவர் சிலர் ஆசையாக வேலியோரம் இனிப்புச் சோளம் நட்டுவிட்டார்கள். காற்று அதன் மகரந்தத்தைக் கொண்டுபோய்த் தன் வேலையைச் செய்தது. உரித்துப் பார்த்தால் அவர்களின் வெள்ளைக் கதிரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் மணிகள். மூதாட்டி ஒருவர் எதுவும் பேசாமல் அவற்றை நகத்தால் பெயர்த்துத் தனியே போட்டார். அந்த ஆண்டுக் கதிர் முழுவதும் கஞ்சிக்குப் போயிற்று. விதைக்கு, அவர் முன்பே எடுத்துவைத்திருந்த மிச்சம்தான் கைகொடுத்தது.

பூசணியில் மானம் காத்தோம். வேறு மகரந்தம் கலக்காதபடி, மறுநாள் விரியும் மொட்டுகளை மாலையிலேயே நூலால் கட்டி, காலையில் ஆண்பூவைப் பெண்பூவில் தடவி, மறுபடி கட்ட வேண்டும். கொல்லையில் பூசணி காய்க்கவைத்தவர்களுக்கு இது பாதி பழகிய வேலை. அந்தப் பூசணியின் பெயர் 'கெட்டே ஒக்கோசோமின்'; ஓஜிப்வே மொழியில் 'பழைய பூசணி' என்று பொருள். 800 ஆண்டு மண்பானையில் கிடந்த விதை என்று நம் செய்திமடலில் வந்தது தவறு. மயாமி பழங்குடித் தோட்டக்காரர்கள் தலைமுறைதோறும் விதைத்து, எடுத்து, மறுபடி விதைத்துக் காத்தது அது. எனக்குப் பானைக் கதையைவிட இதுவே பெரிதாகப் படுகிறது.

விதை கேட்டுப் பலர் எழுதுகிறீர்கள். அறைதான் நாம் கட்டியது, விதை அவர்களுடையது. தருவதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். உபயதாரர் பலகையும் வைக்கவில்லை. வெளிச்சத்தை மறைக்கும் பெயரெழுதிய குழல்விளக்குகள் நம் கோயில்களில் போதுமான அளவு உள்ளன.

மிஞ்சிய கம்பிவலை ஒரு சுருள் செயலாளர் வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது. வேண்டுவோர் பனிக்கு முன் எடுத்துக்கொள்ளலாம்.

திருப்பணிக் குழு