மாத்திரை பேரைச் சொல்லவில்லையே

அன்புள்ள தம்பி,

இங்கே எல்லோரும் நலம். அத்தை மகளுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. அதை விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ராத்திரி நீ அனுப்பிய செய்தியிலேயே மனசு நிற்கிறது. 'தலைவலி, மாத்திரை போட்டாச்சு' என்றாய். என்ன மாத்திரை?

இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை எல்லாம் உனக்கு ஆகாதப்பா. சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தத்தையே அவை குறைத்துவிடும். இரண்டு சிறுநீரகமும் நன்றாக இருக்கிறவர்களே யோசித்துப் போட வேண்டியவை. உனக்கு இடது சிறுநீரகம் 7 சென்டிமீட்டரோடு நின்றுபோனது. நோய் வந்து சுருங்கவில்லை, என் வயிற்றில் இருக்கும்போதே முழுசாக உருவாகவில்லை. ஒரு சிறுநீரகத்தில் வடிகட்டுகிற நெஃப்ரான்கள் சராசரியாக 10 லட்சம். கருவில் 36 வாரம் ஆவதற்குள் உருவானதுதான் கணக்கு. அப்புறம் புதிதாக ஒன்றுகூட வராது.

அந்த இடது பக்கத்துக்கும் சேர்த்து உழைத்து வலது சிறுநீரகம் 12.5 சென்டிமீட்டர் வளர்ந்திருந்ததை டாக்டர் ஸ்கேன் படத்தில் பேனா முனையால் தொட்டுக் காட்டினாரே, 'பெரியவன் பாத்துக்குவான்மா' என்று நீதான் எனக்குத் தைரியம் சொன்னாய். இதே உடம்போடுதான் நீச்சலில் பரிசு வாங்கினாய். யாரிடம் பேசினாலும் அதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

போன வருஷம் வரை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் போட்டோ எடுத்து அனுப்புவாய். இந்த முறை நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. கேட்டால் வேலை என்பாய். வேலை யாருக்குத்தான் இல்லை? கையில் பட்டையைக் கட்டி பிரஷர் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? பிரஷர் ஏறினால் பெரும்பாலும் உடம்பு ஒன்றும் காட்டாது, பார்த்தால்தான் தெரியும். தலைவலி விட்டுவிட்டது என்று சும்மா இருக்காதே.

ரத்தத்தில் கிரியேட்டினின், அதுதான் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, நார்மல் என்றாலும் அதோடு விடாதே. சிறுநீரில் அல்புமின் என்கிற புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல். பல சமயம் கிரியேட்டினின் ஏறுவதற்கு முன்பே அது காட்டிக்கொடுத்துவிடும். உப்பைக் குறை. கடையில் நீயாக வலி மாத்திரை வாங்காதே. திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று கோபப்பட்டாலும் சரி, டாக்டரைக் கேட்காமல் வாங்காதே.

டெஸ்ட் எடுத்து ஏதாவது கூடியிருந்தால் அதை எனக்கு மட்டுமாவது அனுப்பு. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா